வனக்குளியல்: காட்டில் அவசரமின்றி இருக்கப் பழகுவது எப்படி

வனக்குளியலுக்குச் செல்பவர் காட்டில் இரண்டு அல்லது மூன்று மணி நேரம் இருப்பார். அந்த நேரத்தில் அவர் கடக்கும் தூரம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோமீட்டரைத் தாண்டாது. நடைப்பயிற்சிக்கும் மலையேற்றத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும். இங்கே சென்று சேர வேண்டிய உச்சி கிடையாது, எரிக்க வேண்டிய கலோரி கிடையாது, எண்ணிப் பட்டியலிட வேண்டிய பறவைகளும் கிடையாது. மரங்களுக்கு நடுவே ஐம்புலன்களும் விழித்திருக்க நேரத்தைக் கழிப்பதே முழு வேலை. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலையில் இறங்கிய பிறகுதான், அவசரப்படாமல் இருப்பது நமக்கு எவ்வளவு அரிதாகிவிட்டது என்பது உறைக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் உடைகளையும் கருவிகளையும் பற்றிக் குறைவாகவும், வேகத்தைக் குறைப்பதையும் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்வதையும் பற்றி விரிவாகவும் எழுதியிருக்கிறேன். வனக்குளியலின் பயன் அந்த இரண்டில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இதை எவ்வளவு நம்பலாம்

1982ஆம் ஆண்டு ஜப்பானிய அரசின் வனத்துறைத் தலைவராக இருந்த தொமொஹிதே அகியாமா, 'ஷின்ரின்-யோகு' என்னும் பெயரில் இந்தப் பழக்கத்தை மக்களுக்கு அறிமுகப்படுத்தினார். நகானோ மாநிலத்தின் கிசோ பள்ளத்தாக்கில், ஹினோகி என்னும் முதிர்ந்த சைப்ரஸ் மரங்கள் நிறைந்த அகாசாவா காட்டில் அதன் முதல் நிகழ்வு நடந்தது. நெரிசல் மிகுந்த நகரங்களில் வாழ்ந்தவர்களைக் காடுகளின் பக்கம் அழைப்பதே அன்றைய நோக்கம். உடலில் என்ன நிகழ்கிறது என்பதை அளந்து பார்க்கும் ஆய்வுகள் பின்னரே வந்தன. 1990இல் யோஷிஃபுமி மியசாக்கி யாகுஷிமா தீவின் காடுகளில், மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் கார்டிசால் என்னும் சுரப்பை அளந்து முதல் சோதனையைச் செய்தார். அதன் பிறகு ஜப்பான் முழுவதும் 24 காடுகளில் 280 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2010இல் தொகுத்து வெளியிடப்பட்ட ஆய்வில், ஒரு நாள் காட்டிலும் மறுநாள் நகரத்திலும் அதே மனிதர்கள் உட்கார்ந்தும் நடந்தும் பார்த்தபோது, காட்டில் இருந்த நாளில் அவர்களுடைய உமிழ்நீரில் கார்டிசாலும், நாடித்துடிப்பும், இரத்த அழுத்தமும் குறைவாக இருந்தன. ஓய்வின்போது உடலை ஆளும் துணைப்பரிவு நரம்புகளின் இயக்கம் அந்த நாளில் கூடியிருந்தது.

டோக்கியோவிலுள்ள நிப்பான் மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிங் லீ வேறொரு திசையில் ஆராய்ந்தார். நோய்க்கிருமி தொற்றிய செல்களையும் புற்றுச் செல்களையும் அழிக்கும் 'இயற்கைக் கொல்லி செல்கள்' என்னும் வெள்ளை அணுக்கள், மூன்று நாள் காட்டில் தங்கியவர்களிடம் கூடுதலாக இயங்குவதை அவர் கண்டார். மரங்கள் வெளியிடும் ஆல்ஃபா-பைனீன், லிமோனீன் போன்ற ஆவியாகும் சேர்மங்கள் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவருடைய விளக்கம். தாவரங்கள் நுண்ணுயிரிகளிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ள வெளியிடும் இத்தகைய பொருள்களுக்குப் பைட்டன்சைடு என்று 1920களின் இறுதியில் பெயரிட்டவர் சோவியத் அறிஞர் போரிஸ் தோக்கின்.

இந்த முடிவுகளுக்கு உரிய எடையை மட்டுமே தர வேண்டும். 24 காடுகளின் ஆய்வில் பங்கேற்றவர்கள் இளம் ஆண் மாணவர்கள். சிங் லீயின் முதல் ஆய்வில் இருந்தவர்கள் 12 ஆண்கள் மட்டுமே. காட்டுக்குச் சென்றதால் ஒரு நோய் தீர்ந்தது என்று சொல்ல இவை போதா. மனம் அமைதியடைகிறது, உடல் ஓய்வு நிலைக்குத் திரும்புகிறது, எண்ணங்களைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது குறைகிறது என்ற அளவுக்கு நம்பலாம். அதுவே எளிய பலன் அன்று. இரத்த அழுத்தத்துக்கோ மனச்சோர்வுக்கோ மருந்து எடுத்துக்கொள்பவர்கள், காட்டில் உடல் நன்றாக இருந்தது என்பதற்காக மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

இடம்

பெரிய காடு கட்டாயமில்லை. மரங்களின் நிழல் ஒன்றோடொன்று சேரும் அளவுக்கு அடர்த்தி, ஒரு மணி நேரமாவது வாகன ஓசை மேலோங்காத தூரம், கால் இடறாத தடம், உட்கார இடம் ஆகிய நான்கும் இருந்தால் ஒரு சிறு தோப்பிலும் தொடங்கலாம். ஓடும் நீர் இருந்தால் மிக நல்லது. நீரின் ஓசை தொலைவிலுள்ள மற்ற ஓசைகளை மூடிவிடுவதால் கவனம் விரைவில் அமையும். செங்குத்தான ஏற்றம் உள்ள தடத்தைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு கவனம் முழுவதும் உடலின் உழைப்புக்கே போய்விடும்.

புகழ்பெற்ற இடத்தைவிட அருகிலுள்ள இடத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஆண்டுக்கு ஒருமுறை நெடுந்தூரம் பயணம் செய்து காணும் அரிய காடு, வாரந்தோறும் போய்வரக்கூடிய சாதாரணத் தோப்பு தரும் பயனைத் தராது. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் பதில்களைக் கொண்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலத்தையும் மனநிறைவையும் மேலாக மதிப்பிட்டிருந்தார்கள். அந்த நேரத்தை ஒரே மூச்சில் கழித்தாலும் பல முறையாகப் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடு இருக்கவில்லை. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே செல்கிறார்கள் என்ற வாய்ப்பும் அதில் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஆயினும் வாரத்தில் இரண்டு மணி நேரம் என்பது நினைவில் வைத்துக்கொள்ளத் தக்க அளவாகவே எனக்குத் தோன்றுகிறது.

அது காப்புக்காடாக இருந்தால் அனுமதி வேண்டுமா, எந்த நேரம்வரை உள்ளே இருக்கலாம் என்று முன்பே விசாரித்துவிடுங்கள். பெரிய விலங்குகள் வாழும் காடாக இருந்தால், அவை நடமாடும் விடியலிலும் அந்தியிலும் தனியே செல்வதைத் தவிர்த்து, அந்தக் காட்டை அறிந்தவரோடு மட்டும் செல்லுங்கள். அச்சத்தோடு இருக்கும் உடல் ஓய்வு கொள்ளாது. பாதுகாப்பை முதலில் உறுதி செய்துகொள்வது வனக்குளியலுக்குத் தடையாகாமல் அதன் முதல் படியாகவே அமைகிறது.

கிளம்புவதற்கு முன்

உடல் முழுவதும் மூடிய தளர்ந்த உடை, நனைந்தாலும் வழுக்காத காலணி, குடிநீர், உட்காரச் சிறு விரிப்பு, மழைக்கு ஒரு மேலாடை ஆகியவை போதும். உண்ணியும் அட்டையும் உள்ள இடமானால் காற்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடியின் அடி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். வாசனைத் தைலங்களைப் பூசிக்கொள்ள வேண்டாம், ஏனெனில் அன்று முகர வேண்டிய மணங்களை அது மறைத்துவிடும். பலத்த காற்றோ இடியோ எதிர்பார்க்கப்படும் நாளில் போகவே வேண்டாம். முறிந்து விழும் கிளை காட்டிலுள்ள மெய்யான ஆபத்துகளில் ஒன்று. உட்காரும் முன் ஒருமுறை அண்ணாந்து, தலைக்கு மேல் காய்ந்த கிளை தொங்குகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். கைபேசியை அவசரத்துக்காக எடுத்துச் செல்லலாம். ஆனால் அதை அணைத்துப் பையின் அடியில் வைத்துவிடுங்கள். ஓசையை மட்டும் நிறுத்திச் சட்டைப்பையில் வைத்திருப்பது போதாது. அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்வரை, அழகான எதையாவது கண்டவுடன் அதைப் படமெடுக்கக் கை நீளும்; படமெடுத்த கணத்தில் பார்வை அந்தப் பொருளிலிருந்து அதன் படத்துக்கு மாறிவிடும். அடியெண்ணும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

முதல் இருபது நிமிடம்

காட்டின் விளிம்பில் நின்றுவிடுங்கள். தடம் தொடங்கும் இடத்தில் உள்ள ஒரு பெரிய மரமோ பாறையோ ஓடையின் குறுக்கே கிடக்கும் பலகையோ உங்கள் வாசலாக இருக்கட்டும். அங்கே நின்று, மூக்கின் வழியே இயல்பாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிடச் சற்று நீண்ட நேரம் எடுத்து வெளியே விடுங்கள். ஐந்தாறு முறை போதும். வெளிமூச்சு நீளும்போது இதயத்தின் துடிப்பு சற்றே தணியும், உடலுக்கு ஓய்வின் செய்தி சென்று சேரும். உள்ளே சென்று என்ன பெற வேண்டும் என்று திட்டமிடாதீர்கள். கடந்த வாரத்தின் சுமைகள் தீர வேண்டும், புதிய எண்ணம் ஒன்று தோன்ற வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு நுழைந்தால் அது நடக்கிறதா என்று கண்காணிப்பதிலேயே நேரம் போய்விடும்.

உள்ளே நுழைந்த முதல் இருபது நிமிடமும் பலருக்குத் தொல்லையாகத்தான் இருக்கும். மனம் செய்யாமல் விட்ட வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும். இது நேரத்தை வீணாக்குவது என்று ஓர் எண்ணம் எழும். கால்கள் தாமாகவே வேகமெடுக்கும். இதைத் தோல்வியாக எண்ணித் திரும்பிவிடுபவர்கள் பலர். அமெரிக்காவின் மிச்சிகனில் நகரவாசிகளிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளிவந்த ஆய்வில், இயற்கையான இடத்தில் 20 முதல் 30 நிமிடம் வரை கழித்தபோதே கார்டிசால் மிக வேகமாக இறங்கியது. அதாவது, பொறுமை தீரும் அந்த இடத்தில்தான் உடல் இளகத் தொடங்குகிறது. எண்ணங்களை விரட்ட வேண்டியதில்லை. அவை பேசிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் கண்ணுக்கு எதிரே அசைவது எது என்று பார்த்துக்கொண்டிருங்கள்.

அசைவைப் பார்ப்பதே தொடக்கத்துக்கு ஏற்ற பயிற்சி என்பேன். வழக்கமாக நடக்கும் வேகத்தில் பாதியாகக் குறைத்து, பிறகு அதிலும் பாதியாகக் குறைத்து, குதிகால், பாதத்தின் நடு, விரல்கள் என்று ஒவ்வொரு பகுதியும் தரையைத் தொடுவதை உணரும் அளவுக்கு மெதுவாக அடியெடுத்து வையுங்கள். நடக்கும்போது அசைந்துகொண்டிருப்பவற்றை மட்டும் கவனியுங்கள்: காற்று இல்லாத பொழுதிலும் தனியே ஆடும் ஒற்றை இலை, சிலந்தி நூலின் முனையில் சுழலும் சருகு, பட்டையின் பிளவில் ஏறும் எறும்பு வரிசை, தரையில் இடம் மாறும் ஒளிப்புள்ளிகள். ஆட்கள் வேகமாக நடக்கையில் காடு அசையாமல் நிற்பதாகத் தெரியும்; நடையின் வேகம் குறையக் குறைய, அசையாத பொருளே அங்கே குறைவு என்பது விளங்கும். பதினைந்து நிமிடம் இப்படிச் சென்றால் சிறிது தூரமே நகர்ந்திருப்பீர்கள், அது போதும்.

புலன்களை ஒவ்வொன்றாக எழுப்புதல்

கண் எல்லாவற்றையும் முந்திக்கொள்ளும் புலன் என்பதால், அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு மற்றவற்றைத் தொடங்குவது பயன் தரும். பாதுகாப்பான ஓரிடத்தில் நின்று கண்களை மூடுங்கள். முதலில் உங்களுக்கு மிக அருகே எழும் ஓசையைக் கேளுங்கள். அது உங்கள் மூச்சாகவோ துணியின் உரசலாகவோ இருக்கலாம். பிறகு பத்தடி தூரத்து ஓசை, அதற்கடுத்து தோப்பின் மறுபக்கத்திலிருந்து வருவது, கடைசியாகக் கேட்கக்கூடிய எல்லையில் இருப்பது என்று கேட்கும் பரப்பை வட்டம் வட்டமாக விரித்துச் செல்லுங்கள். பறவையின் பெயர் என்ன என்று தேட வேண்டாம். அந்தக் குரல் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது, அதற்கு வேறெங்கிருந்தாவது மறுகுரல் எழுகிறதா என்பவற்றை மட்டும் கேளுங்கள். காற்று ஒவ்வொரு வகை மரத்திலும் ஒவ்வொரு விதமாக ஒலிப்பதையும் இப்போது பிரித்தறிய முடியும். ஊசியிலை மரத்தில் நீண்டு இழையும் ஓசை, அகன்ற இலைகளில் சலசலப்பாக உடைகிறது, மூங்கிலில் தண்டுகள் உரசும் முனகலாகக் கேட்கிறது. வாகன ஓசையோ தொலைவிலிருந்து மனிதக் குரலோ வந்தால் எரிச்சல் கொள்ளாமல் அதையும் வட்டத்துக்குள் ஓர் ஓசையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மௌனமான காடு கிடைத்தால்தான் அமர்வேன் என்றால் அமரவே முடியாது.

மணத்துக்கு மழை பெய்து ஓய்ந்த பிறகான நேரமும், வெயில் ஏறத் தொடங்கும் முற்பகலும் சிறந்தவை. ஈரமண்ணின் மணத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் என்னும் பொருளை மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்கள் உண்டாக்குகின்றன. மிகமிகச் சிறிய அளவில் இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். வெப்பம் கூடும்போது இலைகளிலிருந்து ஆவியாகும் சேர்மங்களும் கூடும். கீழே விழுந்து கிடக்கும் ஓர் இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள். ஒரு கைப்பிடிச் சருகை ஒதுக்கி அதனடியில் உள்ள கறுத்த மண்ணின் அருகே முகத்தைக் கொண்டு செல்லுங்கள். மேலேயுள்ள காய்ந்த சருகுக்கும் அதற்குக் கீழே மட்கிக்கொண்டிருக்கும் அடுக்குக்கும் வெவ்வேறு மணம் உண்டு. முகர்ந்த பின் சருகைத் திரும்ப மூடிவிட வேண்டும், அதனடியில் வாழும் உயிர்களுக்கு அந்த ஈரம் தேவை.

தொடுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பளிப்பூச்சியும் கட்டெறும்பும் அரிப்பு உண்டாக்கும் கொடிகளும் மரப்பட்டையில் இருக்கக்கூடும். அவை இல்லையென்று உறுதி செய்துகொண்டு, உள்ளங்கையைப் பட்டையின் மேல் ஒரு நிமிடம் அழுத்தாமல் வையுங்கள். வெயில் படும் பக்கத்துக்கும் நிழற்பக்கத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு, பாசி படிந்த இடத்தின் ஈரம், விரல் நுனிக்கும் புறங்கைக்கும் அதே பட்டை வேறு வேறாகத் தோன்றுவது ஆகியவற்றை உணரலாம். பாதுகாப்பான தரையாக இருந்தால் வெறுங்காலோடு சில அடிகள் நடக்கலாம். சுவையைப் பொறுத்தவரை என் அறிவுரை சுருக்கமானது: அறியாத இலை, கனி, காளான் எதையும் வாயில் வைக்காதீர்கள். வாயைச் சற்றே திறந்து காற்றை இழுத்தால் நாவில் படும் குளிர்ச்சியே போதும்.

கடைசியாகக் கண்ணுக்கு வாருங்கள். கண்களைத் திறக்கும்போது எதையும் குறிவைத்துப் பார்க்காமல், பார்வையின் இரு ஓரங்களிலும் என்ன தெரிகிறது என்று கவனித்தபடி பொதுவாகப் பாருங்கள். நாள் முழுவதும் அருகிலுள்ள திரையைக் குறிவைத்தே பார்த்த கண்ணுக்கு இது பெரிய மாற்றம். சிறிது நேரம் கழித்து, உள்ளங்கை அளவான ஒரு நிலப்பரப்பைத் தேர்ந்து, அதை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். ரேச்சல் கப்லான், ஸ்டீஃபன் கப்லான் என்னும் உளவியலாளர் இணையர் 1989இல் விரித்துரைத்த கருத்து இங்கே நினைக்கத் தக்கது. வேலையில் நாம் முயன்று செலுத்தும் கவனம் பயன்படப் பயன்படக் களைத்துப்போகிறது; மேகம், நீரோட்டம், இலையசைவு போன்றவை முயற்சி கேட்காமலே நம்மை ஈர்ப்பதால் களைத்த கவனத்துக்கு ஓய்வு கிடைத்து மீள்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். இதனால்தான் காட்டில் எதையும் 'கற்றுக்கொள்ள' முயல வேண்டாம் என்று சொல்கிறேன். கையேட்டை விரித்துச் செடிகளின் பெயர்களைத் தேடுவது நல்ல பழக்கமே. அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே இடத்தில் அமர்தல்

என்னைக் கேட்டால் வனக்குளியலின் உயிர்நாடி இந்தப் பகுதியே. மேலே சொன்ன பயிற்சிகளில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். சாய்ந்துகொள்ள முதுகுக்கு ஒரு மரம், முன்னால் சற்றுத் திறந்த காட்சி, எறும்புப் புற்றில்லாத தரை ஆகியவை அமைந்த ஓரிடத்தில் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் உட்காருங்கள். நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். ஓர் ஒளிப்புள்ளி ஒரு வேரிலிருந்து அடுத்த வேருக்கு நகரும்வரை என்று வைத்துக்கொண்டால் கடிகாரம் தேவைப்படாது.

நீங்கள் நுழைந்தபோது காடு உங்களைக் கண்டு அடங்கியிருந்தது. தரையில் மேயும் சிறு பறவைகள் எச்சரிக்கைக் குரல் கொடுத்து விலகியிருக்கும், ஓணானும் அணிலும் மரத்தின் மறுபக்கத்துக்குப் போயிருக்கும், பூச்சிகளின் ரீங்காரம் உங்கள் காலடியைச் சுற்றி நின்றிருக்கும். நீங்கள் அசையாமல் அமர்ந்த பிறகு அவை ஒவ்வொன்றாகத் தங்கள் வேலைக்குத் திரும்பும்: முதலில் பூச்சிகள், பிறகு உயரக் கிளைகளின் பறவைகள், கடைசியில் தரையில் நடமாடுபவை. அவை திரும்பும்வரை காத்திருந்து பார்த்தவர்களுக்குத்தான், தாங்கள் இல்லாதபோது அந்த இடம் எப்படி இருக்கிறது என்பது தெரியவரும். இயற்கையோடு உறவு என்று நாம் பொதுவாகப் பேசுவதற்கு இதைவிடத் தெளிவான பொருள் எனக்குத் தெரியவில்லை. உறவு என்றால் மறுபக்கமும் உங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுத்துக்கொள்ளுதல் கண்ணெதிரே நிகழ்வதை அமர்ந்திருப்பவர் காண்கிறார்.

உட்கார்ந்திருக்கும்போது அழுகை வரலாம், நெடுநாள் மறந்திருந்த ஒருவரின் நினைவு வரலாம், அல்லது உறக்கம் வரலாம். எதுவும் தவறில்லை. துயரத்தில் இருப்பவர்கள் முதல் சில முறை தனியே செல்லாமல் நம்பிக்கையான ஒருவரைச் சற்றுத் தொலைவில் அமர வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றுமே நிகழாமல் வெறுமனே உட்கார்ந்து திரும்புவதும் உண்டு. அந்த நாளையும் முழுமையான வனக்குளியலாகவே கொள்ளுங்கள்.

பிறரோடு செல்லும்போது

கூட்டமாகச் செல்வதானால் ஆறு ஏழு பேருக்கு மேல் வேண்டாம். பேசாமல் நடக்கும் பகுதிகளையும் கூடிப் பேசும் இடங்களையும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வட்டமாக நின்று, ஒவ்வொருவரும் தாம் கவனித்த ஒன்றை ஓரிரு வாக்கியத்தில் சொல்லலாம். மற்றவர்கள் விளக்கமோ திருத்தமோ சொல்லாமல் கேட்க வேண்டும். ஒரே தடத்தில் நடந்த ஏழு பேரும் ஏழு வெவ்வேறு பொருள்களைக் கண்டிருப்பார்கள், தனியே செல்பவருக்குக் கிடைக்காத செல்வம் அது. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் இப்படிப்பட்ட குழுக்களை அழைத்துச் செல்கிறார்கள். ஜப்பானில் 60க்கும் மேற்பட்ட காடுகள் இதற்கென்றே சான்றளிக்கப்பட்டிருக்கின்றன. வழிகாட்டி இல்லாதவர்கள் தயங்க வேண்டியதில்லை, தம்முள் ஒருவர் நேரத்தையும் தடத்தையும் பார்த்துக்கொண்டால் போதும்.

குழந்தைகளுக்கு மேற்சொன்ன ஒழுங்கைத் திணிக்காதீர்கள். அவர்கள் ஒரு வண்டின் பின்னால் அரைமணி நேரம் குந்தியிருந்தால், பெரியவர்கள் முயன்று அடைய வேண்டிய நிலையில் அவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். வண்டைப் பற்றிப் பாடம் நடத்தாமல் அருகே குந்துவதே நீங்கள் செய்யத் தக்கது.

திரும்புதலும், மீண்டும் செல்லுதலும்

நுழைந்த அதே வாசலில் நின்று வெளியேறுங்கள். அங்கே சில நிமிடம் நின்று, நுழைந்தபோது தோள்களும் தாடையும் எப்படி இறுகியிருந்தன, இப்போது எப்படி இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கைபேசியை உடனே உயிர்ப்பிக்காமல் வீடு சேரும்வரை தள்ளிப்போட முடிந்தால், காட்டில் கிடைத்த நிதானம் வழியிலேயே கரைந்துபோகாது. இறகு, விதை, கல் எதையும் எடுத்து வராதீர்கள். நீங்கள் கொண்டுசென்றவற்றில் ஒரு தாள்கூட அங்கே தங்கக் கூடாது. பலர் நடக்கும் தடத்தை விட்டு விலகி நடந்தால் மண் இறுகி இளஞ்செடிகள் முளைக்காமல் போகும் என்பதால், அமரும் இடத்தையும் தடத்தின் ஓரத்திலேயே தேர்ந்தெடுப்பது காட்டுக்கு நாம் காட்ட வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

பிறகு, அதே இடத்துக்கே மீண்டும் செல்லுங்கள். புதிய இடம் ஒவ்வொன்றும் வியப்பைத் தரும். ஆனால் வியப்பு அடங்கிய பிறகுதான் கவனம் ஆழப்படுகிறது. முதல் முறை நீங்கள் காண்பது மரங்கள். சில முறைக்குப் பின் காண்பது, கிழக்கே சாய்ந்த அந்த மரம், அதன் மூன்றாவது கிளையில் புதிதாக விட்ட தளிர், கடந்த முறை பச்சையாக இருந்து இப்போது பழுத்திருக்கும் காய், மழைக்குப் பின் பாறையில் கறுப்பிலிருந்து பச்சைக்கு மாறிய பாசி. மாற்றத்தைக் காண்பதற்கு முந்தைய நிலை நினைவில் இருக்க வேண்டும், அந்த நினைவை ஒரே இடத்துக்குத் திரும்புபவர் மட்டுமே சேர்க்கிறார். ஒரு சிறு குறிப்பேட்டில் தேதி, வானிலை, பார்த்தவற்றில் ஒன்று, கேட்டவற்றில் ஒன்று என்று நான்கு வரி எழுதி வாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு எழுதினால் போதும். பருவங்கள் ஒரு சுற்று வந்த பின் அந்த வரிகளைப் படிக்கும்போது, எந்த மரம் எப்போது இலையுதிர்க்கும், எந்தக் குரல் எந்த மாதத்தில் மட்டும் கேட்கும் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கும். பெயர்களைத் தேட ஆசை வருவதும் இந்தக் கட்டத்தில்தான், அப்போது கையேட்டைத் தாராளமாக விரிக்கலாம்.

காட்டுக்குச் செல்ல இயலாதவர்களுக்கு

முதுமையாலோ நோயாலோ வேலையாலோ காட்டுக்குப் போக முடியாதவர்கள் இதை விட்டுவிட வேண்டியதில்லை. 1984இல் ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கற்சுவர் மட்டும் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பியிருந்தார்கள். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தன. ஆகவே கட்டிலில் இருப்பவருக்குக் கட்டிலைத் திருப்பிப் போட்டாவது ஒரு மரம் தெரியும்படி செய்யுங்கள். சக்கர நாற்காலியில் செல்பவர்களுக்குச் சமதளமான பூங்காப் பாதையும் ஒரு பெரிய மரத்தின் நிழலும் போதும். நடக்கும் பயிற்சியை மட்டும் விட்டுவிட்டு, ஓசை, மணம், தொடுகை, அமர்தல் ஆகிய அனைத்தையும் அங்கே செய்யலாம். பார்வையற்றவர்களுக்கு இந்த வரிசையில் மாற்ற வேண்டியது மிகக் குறைவு.

வீட்டிலேயே இருப்பவர்கள் நாளில் ஒரு குறிப்பிட்ட நேரத்தைத் தேர்ந்து, சன்னலைத் திறந்து வைத்து, வெளியே தெரியும் ஒரே மரத்தை இருபது நிமிடம் பார்க்கலாம். முதலில் அதில் அசைவதை மட்டும், பிறகு அதிலிருந்து வரும் ஓசையை மட்டும், பிறகு ஓர் ஒற்றைக் கிளையை மட்டும் என்று மேலே சொன்ன அதே வரிசை இங்கும் பொருந்தும். மரமே தெரியாத வீடானால் ஒரு தொட்டிச் செடியோடு தொடங்கி, நாள்தோறும் நீர் ஊற்றும் நேரத்தையே அதற்குரிய நேரமாக்கிக்கொள்ளுங்கள். உடல்நிலை தேறி வெளியே செல்ல முடிகிற நாளில், யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு அருகிலுள்ள மரத்தடிவரை சென்று, அதே இருபது நிமிடத்தை அங்கே கழிக்கலாம்.